மாட்டு வயிற்றுக்குள் ஒரு குழாய்

அலீடாவுக்குக் கேக் இரண்டு துண்டு. மற்ற எல்லோருக்கும் ஒன்று.

அந்தக் குடும்பத்தில் இது சட்டம். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். வருகிறவர்கள் வட்டத்தைச் சுற்றி வந்து, பிறந்தநாள் கொண்டாடுகிறவருக்கு மட்டுமில்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் கைகொடுத்து வாழ்த்துவார்கள். பிறகு காபி வரும், ஆளுக்கு ஒரு துண்டு கேக் வரும், மிச்சக் கேக் சமையலறைக்குள் போய்விடும். ஹார்லெம் ஊரில் இரண்டாவது துண்டு கேட்டவனைப் பற்றி அடுத்த பிறந்தநாள் வரைக்கும் பேசுவார்கள். ஆனால் அலீடாவிடம் மட்டும் தட்டு மறுபடியும் வரும். கொண்டுவருவது எப்போதும் அவள் தம்பி யோரிஸ்தான். எண்பத்து மூன்று வயதில் அவள் அந்தத் துண்டை வாங்கிக்கொள்கிற தோரணையைப் பார்க்க வேண்டும். முடிசூட்டிக்கொள்ள வந்த மகாராணிகூட அத்தனை நிதானமாகக் கையை நீட்டமாட்டாள்.

காரணம், போரின் கடைசிக் குளிர்காலம். கால்வாய்கள் உறைந்து கிடந்தன, ரயில் ஓடவில்லை, நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரன் உணவு வர விடவில்லை. ஊரில் அடுப்புக்கு விறகும் இல்லை, அடுப்பில் ஏற்ற உலையும் இல்லை. அப்போது அலீடாவுக்குப் பதின்மூன்று வயது, யோரிஸுக்கு ஐந்து. டியூலிப் கிழங்கை இரண்டாக வெட்டி, நடுவிலிருக்கும் மஞ்சள் குருத்தைத் தோண்டி எறிந்துவிட்டு வேகவைத்துத் தின்றார்கள். குருத்தோடு தின்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள வேண்டியதுதான். சர்க்கரை எடுக்கிற பீட்கிழங்கைத் துருவிக் கஞ்சி காய்ச்சினால் தொண்டையெல்லாம் எரியும். அந்தச் சமயத்தில் தேவாலயத்திலிருந்து சேதி வந்தது: ஏரிக்கு அந்தப் பக்கம் ஃப்ரீஸ்லாந்தில் பாலும் பன்றிக்கறியும் இன்னும் இருக்கின்றன, பனிக்கட்டி விலகியதும் பிள்ளைகளைப் படகில் அனுப்பலாம், வீட்டுக்கு ஒருவர். எலும்பும் தோலுமாக இருந்த அலீடாவின் பெயரைத்தான் அம்மா கொடுத்தாள். புறப்படுகிற அன்று காலையில் அலீடா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தம்பி சின்னவன். அவன் போகட்டும்," என்றாள்.

அம்மா அழுதாள். அழுதுவிட்டுத் தெருவெல்லாம் போய்ச் சொன்னாள். பாதிரியார் அதைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். அன்றைக்குப் பிடித்தது அலீடாவுக்கு ராஜயோகம்.

யோரிஸ் ஆறு மாதம் கழித்து வந்து இறங்கியபோது கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தன. அம்மா வேறு யாரோ பிள்ளை என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டாள். ஃப்ரீஸ்லாந்துக்காரர்களின் பாஷை பேசினான். ரொட்டியைக் கையில் கொடுத்தால் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெண்ணெய் எங்கே?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அலீடா எழுபது ஆண்டுகளாக விடவில்லை. அவன் பாலத்துக் காவலாளியாக வேலைக்குச் சேர்ந்தபோது, கல்யாணம் செய்துகொண்டபோது, மகள் சஸ்கியா பிறந்தபோது, ஒவ்வொரு தடவையும் யாராவது பேச எழுந்தால் அலீடா மூலையிலிருந்து குரல் கொடுப்பாள்: "எல்லாம் சரி, வெண்ணெய் எங்கேன்னு கேட்டானா?" வட்டம் முழுக்கச் சிரிக்கும். யோரிஸும் சிரிப்பான். பிறகு எழுந்து போய் அந்த இரண்டாவது துண்டைக் கொண்டுவருவான்.

பசியில் வளர்ந்த பெண் எங்கே வேலைக்குப் போவாள்? சாக்லேட் தொழிற்சாலைக்குத்தான். முப்பத்தெட்டு வருடம் பெட்டி கட்டினாள். உடைந்த சாக்லேட் தொழிலாளிகளுக்குச் சொந்தம் என்பது அங்கே விதி. அவள் நின்ற வரிசையில் மட்டும் உடைசல் ஏன் அதிகம் என்று மேலாளர் கடைசிவரை மண்டையைக் குடைந்துகொண்டே ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று பேர் கேட்டார்கள், மூவரோடும் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்து பார்த்தாள், மூவரும் தட்டில் மிச்சம் வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தனியாக வாழ்ந்தாள், சைக்கிள் ஓட்டினாள், சனிக்கிழமை சந்தையில் பாலாடைக்கட்டிக் கடைக்காரனிடம் ருசி பார்க்கிறேன் என்று அரை மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்து யாரும் பரிதாபப்பட்டதில்லை, அவள் அதற்கு நேரம் கொடுத்ததுமில்லை.

யோரிஸ் வேறு மாதிரி ஆள். ஸ்பார்ன ஆற்றின் தூக்குப் பாலத்தை நாற்பது வருடம் ஏற்றி இறக்கியவன். படகு பெரிதோ சிறிதோ, வந்த வரிசைப்படிதான் விடுவான். மேயரின் படகையே ஒரு மணல் படகுக்குப் பின்னால் நிற்க வைத்தவன். யாருக்கு எது முறையோ அது நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் வேதம். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தனியாக இருந்தான், தானே சமைத்தான், ரொட்டியில் வெண்ணெயைக் கனமாகத்தான் தடவினான்.

இரண்டாயிரத்துப் பதினான்கு அக்டோபரில் அவனுக்கு எழுபத்தைந்து. வட்டம் நிறைந்திருந்தது. வாழ்த்தும் கைகுலுக்கலும் முடிந்து காபி வந்ததும், அலீடா கைப்பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்துக் கண்ணாடியை மாட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க. விஞ்ஞானம் பேசுது."

"அத்தை, கேக் ஆறிடும்," என்றாள் சஸ்கியா.

"கேக் ஆறுமாடி? வாயை மூடிட்டுக் கேளு. 'பஞ்சக் குளிர்காலத்தில் இளம் வயதில் பட்டினி கிடந்தவர்களுக்குப் பிற்காலத்தில் பெருங்குடல் புற்றுநோய் வருவது ஓரளவு குறைவாகக் காணப்படுகிறது.' பார்த்தீங்களா? ஆயிரக்கணக்கான பேரை வருஷக்கணக்கா கேட்டு எழுதியிருக்காங்க. சின்ன வயசுல என்ன தின்னோம்கிறது குடலுக்கு ஞாபகம் இருக்காம். இந்த வயித்துல டியூலிப் பூத்திருக்கு, தெரியுமா? நோய் கிட்ட வராது." தம்பியின் பக்கம் விரலை நீட்டினாள். "வெண்ணெய் எங்கேன்னு கேட்டவங்கதான் இனிமே கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்."

வட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. யோரிஸும் சிரித்தான். ஆனால் அவள் கையிலிருந்த செய்தித்தாள் துண்டில் இன்னும் பாதி இருந்தது. இது கூட்டத்தைப் பற்றிய கணிப்பு, தனி ஒருவரைப் பற்றி எதையும் சொல்லாது, பட்டினிதான் காரணம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது, பட்டினி கிடந்தவர்களும் கிடக்காதவர்களும் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது என்றெல்லாம் கீழே எழுதியிருந்தது. அலீடா அதை வாசிக்கவில்லை. சிரிப்பு வந்த இடத்தில் நிறுத்துகிறவள் அவள். நாக்கில் சனி என்பது இதைத்தான்.

மூன்று வாரம் கழித்து சஸ்கியா போன் செய்தாள்.

"அத்தை, அப்பா அந்தப் பரிசோதனையைப் பண்ணலை."

"எந்தப் பரிசோதனை?"

"வயசானவங்களுக்கெல்லாம் அரசாங்கத்துலேர்ந்து அனுப்பறாங்களே, ஒரு உறை. உள்ள ஒரு சின்னக் குழாய், அதுல ஒரு குச்சி. மலத்துல குத்தி எடுத்துக் குழாய்ல போட்டுத் தபால்ல அனுப்பணும். பிறந்தநாளுக்கு அடுத்த நாளே வந்திருக்கு. தூக்கிப் போட்டுட்டார்."

"போட்டுட்டான்னு உனக்கெப்படித் தெரியும்?"

"குழாய் பிளாஸ்டிக் பையில இருந்துச்சு. காகிதம் காகிதப் பெட்டியில இருந்துச்சு."

அதுதான் யோரிஸ். தன் உயிரையே குப்பையில் போட்டாலும் பிரித்துத்தான் போடுவான். காகிதம் காகிதத்தோடு, பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டுகிற அசட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வாசலில் தொங்கிய கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பையில், தயிர்க் கிண்ணங்களுக்கு நடுவே அந்தக் குழாய் பச்சை மூடியோடு எட்டிப் பார்த்ததைச் சஸ்கியா பார்த்துவிட்டாள்.

"நான் கேட்டேன். 'அதெல்லாம் எனக்கெதுக்கு, உங்க அத்தை வாசிச்சாளே'ன்னு சொல்றார். இப்பல்லாம் குளிச்சிட்டு வந்தா அசதியா உட்கார்றார், அத்தை. எனக்குப் பயமா இருக்கு. உங்க வாயால வந்தது, நீங்களே சரி பண்ணுங்க."

அலீடாவுக்குச் சுருக்கென்றது. அந்த நிமிடமே சைக்கிளை எடுத்தாள். எதிர்க்காற்று. பாலம் தாண்டித் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவனைத் திட்டுவதற்கான எல்லா வார்த்தைகளையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

யோரிஸ் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, உனக்கு அறிவிருக்கா? ஒரு குச்சி. ஒரு குத்து. எழுபத்தஞ்சு வருஷமா தினமும் பண்ற வேலைதானே? நடுவுல ஒரு குச்சியை நுழைக்க வெட்கமா?"

"வெட்கமெல்லாம் இல்லைக்கா."

"அப்புறம்? பயமா?"

"அதுவும் இல்லை." கத்தியைக் கீழே வைத்தான். "உட்காரு. நான் யோசிச்சுப் பார்த்தேன். அந்த வருஷம் நீ சாப்பிட வேண்டியதை நான் சாப்பிட்டேன். தினமும் ரெண்டு டம்ளர் பால். பன்றிக்கொழுப்பு போட்ட அடை. ராத்திரிக்கு மோர்க்கஞ்சி. நீ இங்க கிழங்கைத் தின்னுட்டு சுவரைப் பிடிச்சு நடந்தே. உன் பங்கு பாலை நான் குடிச்சேன், அதோட பலன் எது வந்தாலும் அதுவும் என்னோடதுதானே? வந்தா வரட்டும். வரிசைன்னு ஒண்ணு இருக்கு. நீ அப்ப பட்டே. இப்ப என் முறை."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. துக்கமாகவும் சொல்லவில்லை. மணல் படகுக்குப் பின்னால் மேயரை நிறுத்தியபோது எப்படிச் சொல்லியிருப்பானோ அப்படிச் சொன்னான். அலீடா எதையெதையோ சொல்லிப் பார்த்தாள். செய்தித்தாளின் மீதிப் பாதியைச் சொன்னாள், விஞ்ஞானிகளுக்கு ஒன்றும் தெரியாது என்றாள், டாக்டரைக் கூப்பிடுவேன் என்றாள், சஸ்கியாவை நினைத்துப் பார் என்றாள். அவன் தலையைத் தலையை ஆட்டிவிட்டுக் கிழங்கை எடுத்தான். போகும்போது வாசல்வரை வந்து, "காத்து பலமா இருக்கு, ஓரமாப் போக்கா," என்றான்.

வீட்டுக்கு வந்து அலீடா சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ற நினைப்பே அவளைப் பிசைந்தது. அவளுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். அவனைத் திருப்பக்கூடிய ஒரே ஒரு விஷயம் உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னால் எழுபது வருட கௌரவம் போச்சு. சொல்லாவிட்டால் தம்பி.

விஷயம் இதுதான். அவள் தியாகம் செய்யவே இல்லை. மாட்டுக்குப் பயந்தாள்.

ஒன்பது வயதில் ஊருக்கு வெளியே புல்வெளியைக் குறுக்கே தாண்டியபோது ஒரு கறுப்பு வெள்ளை மாடு அவள் பின்னாலேயே ஓடிவந்தது. அது வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கும், மாடுகளுக்கு அந்தப் புத்தி உண்டு. அலீடா கால்வாயில் விழுந்து, செருப்பைத் தொலைத்து, வீடு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து மாடு என்றால் கை கால் உதறும். ஃப்ரீஸ்லாந்திலோ மனுஷரைவிட மாடு அதிகம். படகேற வேண்டிய காலையில் காலி நிலக்கரிக் கொட்டிலுக்குள் ஒளிந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "தம்பி சின்னவன், அவன் போகட்டும்," என்றாள். அம்மா அழுவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அழுதபிறகு உண்மையைச் சொல்ல முடியுமா? பாதிரியார் பிரசங்கம் செய்த பிறகு? இருபது வருடம் கழித்து? அறுபது வருடம் கழித்து?

நேரே போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போனுக்குக் கையைக் கொண்டுபோனாள். இரண்டு தடவையும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அப்புறம்தான் நாட்காட்டி கண்ணில் பட்டது. டிசம்பர் ஐந்து, புனித நிக்கோலாஸ் மாலை.

அந்த மாலைக்கு ஒரு தனி உரிமை உண்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு யார் பரிசு தருவது என்று ரகசியமாக எடுத்துக்கொள்வார்கள். பரிசைச் சும்மா கொடுக்கக் கூடாது, காகிதக்கூழில் ஏதாவது பொம்மை செய்து அதன் வயிற்றில் ஒளித்துத் தர வேண்டும். கூடவே கிண்டல் பாட்டு ஒன்று, அவரவர் செய்த குறும்பையெல்லாம் பெரிய புத்தகத்தில் எழுதிவைத்துக்கொண்டு கைத்தடியோடு வருகிற புனித நிக்கோலாஸே எழுதியது மாதிரி; கீழே அவர் கையெழுத்து. வாங்குகிறவர் அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தே ஆக வேண்டும். என்ன எழுதியிருந்தாலும் கோபப்படக் கூடாது. வருஷம் முழுக்கச் சொல்ல முடியாததை அந்த ஊர் ஜனம் அன்றைக்குத்தான் துறவியின் தலையில் பழியைப் போட்டுச் சொல்லிக்கொள்ளும்.

அலீடா சஸ்கியாவுக்கு போன் செய்தாள். "எனக்கு உங்கப்பன் சீட்டு வரணும். எப்படியோ பண்ணு. அப்புறம் அந்தக் குழாய் புதுசா ஒண்ணு வரவழை."

"குலுக்கல்ல ஏமாத்துறது தப்பு அத்தை."

"தப்புதான். பண்ணு."

இரண்டு வாரம் அவள் சமையலறை மாவுப்பசையும் பழைய செய்தித்தாளுமாகக் கிடந்தது. கோழிவலையை வளைத்து உடம்பு செய்தாள், காகிதத்தை ஒட்டினாள், கறுப்பும் வெள்ளையும் பூசினாள். கொம்பு வைத்த அன்று அவளுக்கே அதன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தலையில் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்தாள். பாட்டெழுதத்தான் நாள் பிடித்தது. நாலு வரி எழுதுவாள், கண்ணைத் துடைப்பாள், கிழிப்பாள், ஒரு சாக்லேட் தின்பாள், மறுபடி எழுதுவாள்.

ஐந்தாம் தேதி சாயங்காலம் சஸ்கியா வீட்டில் எல்லோரும் கூடினார்கள். மசாலா பிஸ்கட்டும், அவரவர் பெயரின் முதலெழுத்து வடிவத்தில் வார்த்த சாக்லேட்டும் மேசை நிறைய. யோரிஸ் முன்னால் அந்த மாட்டை வைத்தபோது, "நாயா இது?" என்று ஒருவர் கேட்டார். "பன்றி. பாரு, மூக்கு," என்றார் இன்னொருவர். அலீடா வாயைத் திறக்கவில்லை. அதுவே அதிசயம். யோரிஸ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பாட்டை விரித்தான்.

"பெரிய புத்தகம் புரட்டுகிறேன், புனித நிக்கோலாஸ் நான்.
பழைய பொய்யொன்றைப் போட்டுடைக்கப் பாய்ந்து வந்தேன் காண்.
ஹார்லெம் ஊரில் ஒருத்தி இருந்தாள், வயது பதின்மூன்று;
தம்பிக் காகப் படகைத் துறந்த தங்கம் என்றார் அன்று.

தியாகமும் இல்லை, மண்ணும் இல்லை, சேதி வேறு கேள்:
அக்கரை முழுக்க மாடு மேயும், அதற்கே அஞ்சினாள்!
கொம்பைக் கண்டால் குலைநடுக்கம், வாலைக் கண்டால் ஓட்டம்;
கரிக்கொட் டிலுக்குள் காலை முழுக்கக் கண்ணா மூச்சி ஆட்டம்.

நீ குடித்தது உன்றன் பால்தான், நீ தின்றது உன் வெண்ணெய்;
நீதி பேசி நோயை அழைக்க நீயார் சொல்வாய் கண்ணே?
மாட்டின் வயிற்றைக் கிழித்துப் பாரடா, உள்ளே ஒரு குழாய்;
மறுபடி குப்பையில் போட்டால், என்கைத் தடியால் வாங்குவாய்!"

முதல் நாலு வரியை நாடகக்காரன் மாதிரிக் கையை வீசிப் படித்தான். அடுத்த நாலில் குரல் மெதுவாயிற்று. கடைசியைக் கிட்டத்தட்ட மனசுக்குள்தான் படித்தான். யாரோ சிரிக்கத் தொடங்கி, மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"மாடா?" என்றான் யோரிஸ்.

"மாடுதான்," என்றாள் அலீடா.

"எழுபது வருஷம்."

"ஆமாண்டா."

"அம்மா சாகும்போதுகூட உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அதைத்தானே சொன்னா."

"சொன்னா. நான் வாயைத் திறக்கலை. என்னை என்ன வேணா திட்டு, தாங்கிக்கிறேன். ஆனா நீ என் பங்கைத் தின்னேன்னு சொல்லாதே. நான் வேண்டாம்னு தூக்கி எறிஞ்சது அது. நீ எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டியதில்லை."

யோரிஸ் மாட்டின் கொம்பைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகம் சிவந்தது. கோபம்தான், அலீடாவுக்கு அது புரிந்தது. அந்த மாலைக்குரிய விதியையும் மீறிய கோபம்.

"எனக்கு அஞ்சு வயசுக்கா," என்றான். "என்னை அந்த வீட்டம்மா முதல் நாளே மாட்டுக்கொட்டாய்ல ஒரு முக்காலி போட்டு உட்கார வெச்சா. ஒண்ணு ரெண்டில்லை, பதினெட்டு மாடு. நான் டவுசர்லயே போயிட்டேன். எனக்கு மட்டும் பயமில்லைன்னு நினைச்சியா? அங்க போய் ஒரு மாசம் நான் பேசவே இல்லை. அப்பக்கூட நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நம்மக்கா பட்டினி கிடந்து நம்மளை அனுப்பியிருக்கா, அழக்கூடாதுன்னு நினைச்சேன்."

அலீடா அழுதாள். சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது அந்த வட்டம் பார்த்ததில்லை. சஸ்கியா எழுந்து வந்து அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு யோரிஸின் தோள் குலுங்கியது. அவனும் அழுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இல்லை, சிரிப்பு. "நிலக்கரிக் கொட்டிலாம்!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "பாதிரியார் பிரசங்கம் பண்ணினாரே! அந்தாளு இதைக் கேட்டிருக்கணும்!" அவ்வளவுதான், மொத்த வீடும் வெடித்தது. அலீடா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே விக்கினாள், யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் யோரிஸ் மாட்டின் வயிற்றைக் கிழித்து உறையை எடுத்தான். "செய்றேன். ஆனா ஒண்ணு, ஆஸ்பத்திரிக்கு வான்னு கடுதாசி வந்தா நீதான் கூட வரணும். பாதி வழியில ஒளிஞ்சுக்கக் கூடாது."

"வர்றேன்."

சனிக்கிழமை காலை குத்த வேண்டியதைக் குத்திவிட்டான். தபால் பெட்டியைத் திங்கட்கிழமைதான் திறப்பார்கள் என்பதால், குறிப்பில் சொன்னபடி உறையை ஃப்ரிட்ஜில் வைத்தான். வேறு இடம் இல்லாமல் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த அலீடா ஃப்ரிட்ஜைத் திறந்து, மூடி, அன்றைக்கு வெறும் ரொட்டியே போதும் என்றாள். வெண்ணெய் வேண்டாம் என்று அவள் வாயால் அவன் கேட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

கடிதம் வந்தது. ரத்தம் தென்படுகிறது, குடலுக்குள் பார்க்க வேண்டும் என்றது. ஜனவரியில் ஒரு தேதி கொடுத்தார்கள்.

முந்தின நாள் அலீடா அவன் வீட்டிலேயே தங்கினாள். அவன் குடிக்க வேண்டிய பேதி மருந்தை ஜாடியில் கலந்து, டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "டியூலிப் கிழங்கு இதைவிட ருசியா இருந்திருக்கும்," என்றான். "குடி, பேசாதே," என்றாள். கழிப்பறைக்கும் கூடத்துக்கும் அவன் நடந்த நடையில் ஊர்சுற்றிப் பந்தயமே முடித்திருக்கலாம். ஒவ்வொரு தடவை அவன் உள்ளே போனபோதும் அவள் வாசலில் நின்று, அந்த ஊர் வழக்கப்படி கழிப்பறைச் சுவரில் தொங்குகிற பிறந்தநாள் பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்லித் தேர்வு வைத்தாள். மார்ச் வரைக்கும் யார் யாருக்குப் பிறந்தநாள் என்று இருவருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் முதுகுப்பக்கம் திறந்த அங்கியில் யோரிஸ் கட்டிலில் படுத்திருந்தான். முகத்தில் கேலி இல்லை. நர்ஸ் கட்டிலைத் தள்ளிக்கொண்டு கதவுவரை வந்து, அலீடாவைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

"அம்மா, நீங்க இங்கயே உட்காருங்க. காபி அந்தப் பக்கம் இருக்கு. முக்கால் மணி நேரத்துல கொண்டுவந்துடுவோம்."

யோரிஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாடை லேசாக ஆடியது.

"நானும் உள்ள வர்றேன்," என்றாள் அலீடா.

"அது வழக்கமில்லைங்க. உள்ள பார்க்கச் சிலருக்குப் பயமா இருக்கும்."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. போன தடவை பயந்துக்கிட்டு இவனைத் தனியா அனுப்பினேன். அப்ப இவனுக்கு அஞ்சு வயசு. இந்தத் தடவை அனுப்பமாட்டேன்."

நர்ஸுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் எண்பத்து மூன்று வயதில் ஒருத்தி கைப்பையை மார்போடு கட்டிக்கொண்டு அப்படி நின்றால் யார்தான் தடுப்பார்கள்? டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, ஒரு நாற்காலியைத் தலைமாட்டில் போட்டாள். அலீடா உட்கார்ந்து தம்பியின் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். மருந்து ஏறியதும் அவன் கண் சொருகியது. ஏதோ முனகினான். ஃப்ரீஸ்லாந்துப் பாஷை. அவளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

திரையில் இளஞ்சிவப்பான சுரங்கப்பாதை ஒன்று வளைந்து வளைந்து போனது. ஒரு திருப்பத்தில் சின்னக் காளான் மாதிரி ஒன்று. டாக்டர் ஒரு கம்பிச் சுருக்கை அதன் கழுத்தில் மாட்டி அறுத்தார். இன்னொரு திருப்பத்தில் இன்னொன்று. மூன்றாவது பெரிதாக இருந்தது. அதற்கு நேரம் பிடித்தது.

"எடுத்தாச்சு," என்றார் டாக்டர். "ஆய்வுக்கு அனுப்பறோம். பார்த்தவரைக்கும் இது இன்னும் புற்றா மாறலை. ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தா நான் இப்படிச் சிரிச்சுப் பேசிட்டு இருக்கமாட்டேன்."

"டாக்டர், ஒண்ணு கேட்கட்டுமா? இது சின்ன வயசுல வெண்ணெய் தின்னதாலயா?"

"பெரிய கூட்டத்தை வெச்சுப் பார்த்தா, சின்ன வயசுச் சாப்பாட்டுக்கும் இதுக்கும் ஏதோ தொடர்பு இருக்கும்போலத்தான் தெரியுது. ஆனா இவர் ஒருத்தருக்கு ஏன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. பட்டினி கிடந்தவங்ககிட்டயும் இதே காளானை அறுத்திருக்கேன். நேரத்துக்கு வந்தாரு, எடுத்துட்டோம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அலீடாவுக்குச் சந்தோஷத்தில் டாக்டரை முத்தமிடலாமா என்றுகூடத் தோன்றியது. நர்ஸ் கருவிகளை ஒதுக்கிவிட்டுக் கட்டிலின் பூட்டைக் காலால் தட்டி விடுவித்தாள்.

"முடிஞ்சதுங்க. கட்டிலை வெளிய தள்ளணும். இனிமே கையை விட்டுடலாம்."

"நான் எப்பவோ விட்டுட்டேன்மா," என்றாள் அலீடா. "அவன்தான் பிடிச்சிருக்கான்."